ஊசியார் மலை ஏறிய நாள்

மலையடிவார ஊரில், பேருந்து திரும்பும் இடத்துக்கு எதிரே பை தைக்கும் கடை ஒன்று இருக்கிறது. கடை என்றால் ஒற்றை அறை. உள்ளே கனத்த தையல் மிஷின், சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் வார்கள், கொக்கிகள், ஜிப்புகள், எத்தனை கூட்டிப் பெருக்கினாலும் போகாத ரப்பர் வாசனை. சொந்தக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ஊசியார். ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம், பேச்சு குத்தும் என்பது இன்னொரு காரணம். பெயரை முதலில் வைத்ததே அவர் மனைவிதான் என்று சொல்வார்கள். ஊசியாரைக் கேட்டால் இல்லவே இல்லை என்பார்.

தொழிலில் ஆளைக் குறை சொல்ல முடியாது. மலை ஏறுகிறவர்களின் முதுகுப் பை எங்கே பிய்யும்? தோள்வார் பையோடு சேரும் இடத்தில்தான். எடை மொத்தமும் அங்கேதான் போய் உட்காரும். அந்த இடத்தில் ஊசியார் மெழுகு தடவிய கனத்த நூலால் சதுரமாக ஒரு பெட்டி போட்டு, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போட்டு, போன வழியிலேயே ஊசியைத் திரும்பவும் ஓட்டுவார். முடிந்ததும் வாரைச் சுவர் ஆணியில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவார். கால் தரையை விட்டு எழும்பும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், பையை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தைரியம் வரும். அவர் தைத்த வார் அறுந்துவிட்டது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

மனைவிக்கு வழிகாட்டி வேலை. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் மலைமேல் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் ஒரே ஒரு கல் பாதைதான். உப்பும் துணியும் தபாலும் கல்யாணப் பெண்ணும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். இப்போது ரோடு மலையின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கடைசி ஊருக்குப் போய்விட்டது. பழைய பாதையில் வேலை வெட்டியை விட்டுவிட்டு நடப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். அவர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய், எந்தப் படிக்கல்லை யார் போட்டார்கள், எந்த வளைவில் தபால்காரர் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிக்கொண்டே மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. மாதத்தில் பாதி நாள் மலையில்தான் இருப்பாள்.

ஊசியார் சமவெளிக்காரர். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். கல்யாணமான புதிதில் அவள் ஆசையாகப் பாதையைக் காட்டக் கூட்டிப்போனாள். இரண்டாவது வளைவில், ஒரு பக்கம் சரிந்து இறங்கும் பள்ளத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குத் தலை சுற்றி, கண் இருட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறார். கடைசியில் உட்கார்ந்த வாக்கிலேயே தேய்த்துத் தேய்த்து இறங்கி வந்தார். புதுக் கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. அதைப் பார்க்காதவர்கள்கூடப் பார்த்த மாதிரி சொல்லிச் சொல்லி ஊர் இன்றைக்கும் சிரிக்கிறது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மலைதான் வேண்டாம், மலைக்குப் போகிற பெண்டாட்டி வேண்டுமே. அங்கேதான் வந்தது வினை. நடை முடிந்து திரும்புகிறவர்கள் கடைக்கு வந்து அவரிடமே அவளைப் பற்றிப் புகழ்வார்கள். அக்கா என்னமாய்ப் பாடுகிறார்கள் என்பான் ஒருவன். தபால்காரர் மாதிரி நடித்துக் காட்டினார்கள், வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பாள் ஒருத்தி. ஊசியார் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு உம் கொட்டுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு வரி பாடி அவர் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் கால் வலி என்பாள், துணி துவைப்பாள், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பாள், படுத்துவிடுவாள். பாட்டெல்லாம் யாருக்கோ, பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் எனக்கா என்று அவருக்கு வயிறு எரியும். வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் கிழிந்த கால்சட்டைக் கதைதான் மறுபடி கிளம்பும்.

அவள் சொல்ல வந்தாலும் இவர் கேட்பதில்லை. மலையைப் பற்றி அவள் வாயெடுத்தாலே எழுந்து கை கழுவப் போய்விடுவார். இது நன்றாக நினைவிருக்கட்டும். எல்லாம் இதில்தான் வந்து மாட்டியது.

வருகிறவர்களிலேயே ஊசியாரின் கண்ணை உறுத்தியவர் ஒரு பூகோள வாத்தியார். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை, கல்யாணம் காட்சி இல்லை, விடுமுறை விட்டால் இங்கேதான் வந்து நிற்பார். வெள்ளைத் தாடி, ஆனாலும் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். அவளை எல்லோரும் அக்கா என்றால் அவர் மட்டும் ‘கேப்டன்’ என்பார். கேப்டனாம். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே ஊசியாருக்குக் காதில் புகை வரும். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும், அது எரிகிற அடுப்பில் விறகு வைத்த மாதிரி. கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தொலைக்கலாம், இவரை என்ன சொல்லித் திட்டுவது?

இந்த முறையும் வாத்தியார் வந்தார். நடைக்கு முந்திய நாள் சாயங்காலம், தோள்வார் ஒரு பக்கம் பிய்ந்த பையோடு கடைவாசலில் நின்றார். ஊசியாரின் மனைவி அப்போது உள்ளே கொக்கி பொறுக்கிக்கொண்டிருந்தாள். விடிவதற்குள் ஆகுமா என்று கேட்டுவிட்டு, ஆகாவிட்டாலும் கவலையில்லை, இடுப்பு பெல்ட்டைக் கழற்றிப் பையைக் கட்டிக்கொண்டு வருவேன், கால்சட்டை போனால் போகட்டும் கேப்டன் என்றார் வாத்தியார். அவ்வளவுதான். அவள் சிரித்தாள். மிஷினைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

ஊசியார் பையை வாங்கி மேஜைமேல் வைத்தார். கால்சட்டை என்றதும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. வாத்தியாருக்கு அந்தக் கதையே தெரியாது என்பது வேறு விஷயம். இவள் சொல்லியிருப்பாள், மலைமேல் உட்கார்ந்து நடித்தும் காட்டியிருப்பாள், ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் உருண்டு உருண்டு சிரித்திருப்பார்கள் என்று மனம் தானாகவே படம் போட்டது.

அவள் சமைக்கப் போனதும் மிஷினில் உட்கார்ந்தார். மெழுகு நூல் கண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. சட்டைப் பித்தான் தைக்கிற மெல்லிய நூலை எடுத்தார். பெட்டி போடவில்லை, பெருக்கல் குறி போடவில்லை. நீள நீளத் தையலாக ஒரே ஒரு வரிசை ஓட்டி, மேலே கறுப்பு மெழுகைத் தேய்த்து, பார்வைக்குக் கனத்த நூல் மாதிரி ஆக்கிவிட்டார். ஆணியில் மாட்டித் தொங்கிப் பார்க்கவுமில்லை. தொங்கியிருந்தால் அவர் கால்சட்டைதான் மறுபடி கிழிந்திருக்கும்.

ஆளைக் கொல்லும் எண்ணமா? சேச்சே. அந்த அளவுக்கு மனிதர் மோசமில்லை. ஏதாவது ஏற்றத்தில் வார் அறுந்து, பை உருண்டு, சட்டையும் துண்டும் சோப்பு டப்பாவும் பாதையெல்லாம் சிதற வேண்டும். வாத்தியார் பேந்தப் பேந்த முழிக்க வேண்டும். அதைப் பார்த்துக் கேப்டன் ஒரு தடவை சிரிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். அன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் நடைக்காரர்கள் கிளம்பினார்கள். வாத்தியார் பையை மாட்டிக்கொண்டு, உங்கள் கை பட்டால் தனி பலம்தான் என்று நன்றி சொன்னார். மனைவி போய்வருகிறேன் என்றாள். ஊசியார் தலையை மட்டும் ஆட்டினார்.

வெயில் ஏறிய பிறகு மச்சினன் கடைக்கு வந்தான். அவளுடைய தம்பி. ஒவ்வொரு நடைக்கும் சுமை தூக்கக் கூடவே போகிறவன், போன தடவை கணுக்கால் பிசகிவிட்டதால் இந்தத் தடவை வீட்டில் நின்றுவிட்டான். முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினான். பேச்சு வாக்கில், இன்றைக்கு அக்கா பாடுதான் திண்டாட்டம், குறுகலில் அவள் ஒருத்தியே எல்லாவற்றையும் தூக்க வேண்டும் என்றான்.

ஊசியார் நிமிர்ந்து, எதைத் தூக்க வேண்டும் என்று கேட்டார்.

“பையைத்தான் மாமா. குறுகல்ல பாதை ஒரு பாய் அகலம்கூட இருக்காது. முதுகுல பையோட போனா பாறை இடிச்சு ஆளையே வெளியே தள்ளிடும். அதனால அங்க யாரும் பையோட நடக்கக் கூடாது, அது அக்கா சட்டம். அவதான் ஒவ்வொரு பையா அந்தப் பக்கம் கொண்டுபோய் வச்சுட்டு வருவா. நான் இருந்தா பாதி எனக்கு.”

“எப்படித் தூக்குவா?”

“ஒரு கை பாறையில. பையை ஒத்தை வார்ல, பள்ளத்துப் பக்கத் தோள்ல மாட்டிக்குவா. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அவள் சொல்ல வந்த அன்றைக்கெல்லாம் இவர் கை கழுவப் போயிருந்தார். மச்சினன் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஊர்க்கதைக்குப் போய்விட்டான். ஊசியாருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஒற்றை வார். பள்ளத்துப் பக்கத் தோள். நடுவில் அது அறுந்தால் கனம் சட்டென்று ஒரு பக்கம் போகும், அவள் இன்னொரு பக்கம் தடுமாறுவாள். தடுமாற அங்கே இடம் ஏது?

போன் செய்யலாம் என்றால் முதல் வளைவைத் தாண்டினால் செல்போன் வெறும் டார்ச் லைட்தான். யாரையாவது அனுப்பலாம் என்றால், மச்சினனுக்குக் கால் சரியில்லை. மற்றவர்களை அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள், என்ன சொல்வது? குறுகல் எப்போது வரும் என்று மட்டும் மச்சினனைக் கேட்டார். நடு ஊரில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து போவார்கள் என்றான் அவன். ஊசியார் மிஷின் மேலிருந்த மெழுகு நூல் கண்டையும் ஊசியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கினார். காலில் கடைக்குப் போடும் ரப்பர் செருப்பு. எங்கே போகிறீர்கள் என்று மச்சினன் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

முதல் வளைவு வரை ஓடினார். இரண்டாவது வளைவில் கால் நின்றுவிட்டது. அதே பள்ளம், அதே காற்று. மனிதர்கள்தான் கிழமாகிறார்கள், பள்ளத்துக்கு என்ன வந்தது? தலை கிறுகிறுவென்று சுற்ற, அவர் மலைப்பக்கம் திரும்பி, புல்லையும் வேரையும் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார். வாய் அவளைத் திட்டிக்கொண்டே வந்தது. ஊரில் பெண்களுக்கு வேறு வேலையே இல்லையா, கேப்டனாம் கேப்டன். கொஞ்ச தூரம் போனதும் திட்டு வாத்தியார் மேல் திரும்பியது. அதற்கும் மேலே போனதும், மூச்சு இரைத்து, திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லாமல் போயிற்று. ஒரு செருப்பு வார் அறுந்தது. அதை அங்கேயே உதறிவிட்டு நடந்தார். நல்ல தையல்காரர்தான் போங்கள்.

நடு ஊரில் தண்ணீர்க் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள், கூட்டம் இப்போதுதான் கிளம்பியது என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினார். பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் குரல். வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல் கணீரென்று மேலே ஏறி, நின்று, மெதுவாக இறங்கியது. இவ்வளவு நன்றாகப் பாடுவாளா? அந்த அவசரத்திலும் ஊசியாருக்குச் சுருக்கென்று தைத்தது. பாடுகிறாள் என்றால் இன்னும் விழவில்லை என்ற நிம்மதி அதற்குப் பிறகுதான் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியும். வெட்கமாக இருந்தது.

பாறையைத் தாண்டினார். நடைக்காரர்கள் குறுகலுக்கு இந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு நின்றிருந்தது. வாத்தியார் கையில் பை இல்லை. ஊசியாரின் கண் குறுகலுக்குப் போனது. செங்குத்தான பாறையில் செதுக்கிய கோடு மாதிரி ஒரு பாதை, அதன் நடுவில் அவள், ஒரு கை பாறையில், பள்ளத்துப் பக்கத் தோளில் வாத்தியாரின் பச்சைப் பை.

கூப்பிட வாயைத் திறந்தார். திறந்த வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளே. நகராமல் நின்று பார்த்தார். பை ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. அந்த வார் சேரும் இடத்தில் எத்தனை தையல் விழுந்தது, எத்தனை தையல் விழாமல் விட்டது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவள் ஓர் இடத்தில் நின்று தோளைக் குலுக்கி வாரை மேலே ஏற்றிக்கொண்டபோது ஊசியாருக்கு உயிரே போய்விட்டது. பிறகு நடந்தாள். அந்தப் பக்கம் போய்ப் பையை இறக்கி வைத்தாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

வந்தவள் புருஷனைப் பார்த்தாள். ஒற்றைக் காலில் செருப்பு, சட்டையெல்லாம் மண், முகத்தில் ரத்தமே இல்லை. கேப்டன், உங்கள் வீட்டுக்காரர் மலை ஏறிவிட்டார் என்று வாத்தியார் மகிழ்ச்சியாகக் கைதட்டினார். அவள் அவர் கையைப் பிடித்துப் பாறைக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

வார் என்று ஆரம்பித்தார் ஊசியார்.

“தெரியும்,” என்றாள் அவள். “சாப்பிடற இடத்துல எல்லார் பையையும் இழுத்துப் பாப்பேன். பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு. பிரிச்சுட்டு, நடைக்குன்னு கூடவே வச்சிருக்கற ஊசி, மெழுகு நூலால நானே தச்சுட்டேன், நீங்க தைக்கிற மாதிரியே. அவசரத்துல நான்தான் தப்பா தச்சேன்னு வாத்தியார்கிட்ட சொல்லிட்டேன். உங்க பேர் கெடக் கூடாதுல்ல?”

அவள் கண் கலங்கியிருந்தது. அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

“எவ்வளவு நாளா கண்ணு தெரியல, நூல் மாறினதுகூடத் தெரியாம? ஊசி கோக்கத் தடுமாறுறீங்களேன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன், கேக்கணும்னு தோணல. மலை மலைன்னு ஓடிட்டு, வீட்ல இருக்கற ஆளைக் கவனிக்காம விட்டுட்டேன். இதுதான் கடைசி நடை. இனிமே வீட்லதான் இருக்கப் போறேன். வாத்தியார்கிட்டயும் சொல்லியாச்சு.”

ஊசியார் அவளையே பார்த்தார். ஏங்கி ஏங்கிக் கிடைக்காதது, கேட்காமலே மடியில் வந்து விழுந்துவிட்டது. மலை இல்லை, கேப்டன் இல்லை, வாத்தியார் இல்லை. காலையில் எழுந்தால் அவள் இருப்பாள், ராத்திரியும் இருப்பாள். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருப்பது. அது என்ன பெரிய பாடா?

அவள் அவர் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினாள். விரல் நகத்தில் மண்ணும், தைத்தபோது ஒட்டிய கறுப்பு மெழுகும் இருந்தன.

“இது எத்தனை விரல், சொல்லுங்க?”

அவர் பேசாத ஒவ்வொரு கணமும் அவள் உதடு துடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

“ரெண்டு,” என்றார். “கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் வேணும்னுதான் அப்படித் தச்சேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் வாத்தியார் ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவள் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். நீட்டியிருந்த கை மெதுவாக மடிக்கு இறங்கியது.

“நீ தூக்குவேன்னு எனக்குத் தெரியாது,” என்றார் ஊசியார். “சத்தியமா தெரியாது. தெரிஞ்சதும் ஓடி வந்துட்டேன்.”

“நான் தூக்கறேன்னு தெரிஞ்சதும் ஓடி வந்தீங்க,” என்றாள் அவள். “அவர் தூக்கியிருந்தா?”

ஊசியார் குனிந்து, காலில் மிச்சமிருந்த செருப்பைக் கழற்றினார். பொய் சொல்லலாம் என்றாலும் இந்த மனுஷி நம்ப மாட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள்.

அவள் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்திடம் போனாள். வாத்தியாரிடம் அவள் சொன்னது ஊசியாருக்குத் தெளிவாகவே கேட்டது. கடைசி நடை என்று ஏதோ உளறிவிட்டேன், அடுத்த நடைக்கும் நான்தான் வருவேன் என்றாள். வாத்தியார் ஏன் என்று கேட்கவில்லை, சந்தோஷம் கேப்டன் என்றார். அவள் மிச்சப் பைகளையும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு வந்து, எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டு, ஒரு தடவை பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“இறங்கும்போது உள்பக்கமாவே நடங்க. கையை விட்டுடாதீங்க. பள்ளத்தைப் பாக்காதீங்க,” என்றாள்.

புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வது அது. அதே குரலில், அதே வேகத்தில் அவரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டம் குறுகலில் ஒவ்வொருவராக நகர்ந்தது. கடைசியில் வாத்தியார். நடுவில் அவருக்குக் கால் தயங்கியது. அவள் திரும்பி வந்து கை நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார். பாறை ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஊசியாருக்கு, அவ்வளவுக்குப் பிறகும், வயிறு எரியத்தான் செய்தது.